முழங்கால் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை



நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் சில வருடங்களாக ஒரு புதிய வகை சேர்ந்திருக்கிறது. இருதயம், டயாலிசிஸ், பிரசவம் என்று வழக்கமாக வரும் மனுக்களுக்கு நடுவே, பதினெட்டு இருபது வயதுப் பிள்ளைகளின் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறிக்கைகள் வருகின்றன. கால்பந்து ஆடும்போது விழுந்தவர், கபடியில் காலைப் பிடித்து இழுக்கப்பட்டவர், வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு டர்ஃப் மைதானத்துக்கு ஆடப்போய் முழங்காலைத் திருகிக்கொண்டவர். அறிக்கையில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: ஏ.சி.எல். கிழிந்திருக்கிறது.

மனுவில் கேட்கப்படுவது ஆபரேஷனுக்கான பணம். ஜமாஅத்தில் சொல்லி, வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களிடம் கேட்டு, எப்படியோ அந்தத் தொகை திரண்டுவிடுகிறது. ஆபரேஷன் முடிந்து பிள்ளை வீட்டுக்கு வந்ததும் காரியம் முடிந்ததாக எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் வேலையே அன்றைக்குத்தான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு வரும் ஒன்பது மாதம், ஒரு வருடத்தில் அந்தப் பிள்ளையின் மனதில் என்ன நடக்கிறது என்பதை விளையாட்டு உளவியலாளர்கள் நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். நம் வீடுகளில் அது பேசப்படுவதே இல்லை. அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

எந்த ஜவ்வு?

நம் ஊரில் 'ஜவ்வு கிழிஞ்சிடுச்சு' என்று சொன்னால் அதற்கு இரண்டு பொருள் உண்டு. எலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸையும் ஜவ்வு என்கிறோம். எலும்பை எலும்போடு கட்டிவைத்திருக்கும் லிகமென்ட்டையும் ஜவ்வு என்கிறோம். ஏ.சி.எல். இரண்டாவது வகை. முழங்காலுக்கு உள்ளே குறுக்காக ஓடும் ஒரு விரல் பருமனுள்ள நார் அது. கீழ்க்கால் எலும்பு முன்பக்கம் நழுவிவிடாமலும், உடம்பு திரும்பும்போது முழங்கால் முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பது அதன் வேலை. ஓடிவந்து சட்டென நின்று திசை மாறும்போதும், குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போதும் அது அறுந்துபோகிறது. பெரும்பாலான ஏ.சி.எல். காயங்களில் எதிராளி மோதியிருக்கவே மாட்டார். 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டதாகப் பலரும் சொல்வார்கள்.

யாரும் மோதாமலே விழுந்தோம் என்பது மனதைப் பொறுத்தவரை பெரிய விஷயம். கோபப்படுவதற்கு ஓர் ஆள் இல்லை. ஆயிரம் தடவை செய்த அதே திருப்பத்தில் தன் காலே தன்னைக் கைவிட்டுவிட்டது. அடுத்த தடவை கைவிடாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? பின்னால் வரப்போகும் பயத்தின் வேர் இந்தக் கேள்வியில் இருக்கிறது.

முழுதாக அறுந்த ஏ.சி.எல்.லைத் தைத்துச் சேர்ப்பது பெரும்பாலும் நடப்பதில்லை. பின்தொடையிலிருந்தோ, முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு தசைநாணை எடுத்து, அந்த இடத்தில் புதிதாகப் பொருத்துகிறார்கள். எல்லோருக்கும் ஆபரேஷன் கட்டாயம் என்றும் இல்லை. 2010-இல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வில், விளையாடும் வயதுள்ள 121 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உடனே ஆபரேஷன். மறு பிரிவுக்கு முதலில் உடற்பயிற்சி சிகிச்சை, தேவைப்பட்டால் மட்டும் பின்னர் ஆபரேஷன். இரண்டு பிரிவின் முடிவுகளிலும் பெரிய வித்தியாசம் இல்லை. பயிற்சியில் தொடங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஐந்து வருடம் கழித்தும் ஆபரேஷன் இல்லாமலே இருந்தார்கள். எது தமக்குப் பொருந்தும் என்பதை எலும்பு மருத்துவரிடம் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்யவேண்டும். எந்த வழியில் போனாலும் பயிற்சியிலிருந்து தப்பிக்க முடியாது.

முழங்காலுக்கு ஒரு நாட்காட்டி, மனதுக்கு வேறொன்று

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலும் மனமும் ஒரே நேரத்தில் குணமாவதில்லை. ஒன்று முந்திக்கொள்ளும்போது மற்றது பின்தங்கி இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் வீக்கம் வற்றிவிடும், வலி போய்விடும். ஊன்றுகோலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிள்ளை வேகமாக நடப்பார், பைக் ஓட்டுவார். 'எனக்கு ஒண்ணுமில்லை' என்று சொல்வார். ஆனால் புதிதாக வைத்த நாண் மிகவும் பலவீனமாக இருப்பது ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். பொருத்திய நாணுக்குள் புது ரத்த ஓட்டம் வரவேண்டும், பழைய செல்கள் போய்ப் புதியவை குடியேறவேண்டும். அது நடக்கும்போது நாண் முதலில் வலு இழந்து, பிறகு மெதுவாகத்தான் வலுப்பெறுகிறது. மனம் தயாராகிவிட்டது, நாண் தயாராகவில்லை.

ஒன்பது, பத்து மாதம் கழித்து இது தலைகீழாகிறது. நாண் பிடித்துக்கொண்டது, தசை வலுவாகிவிட்டது, மருத்துவரும் ஆடலாம் என்று சொல்லிவிட்டார். இப்போது மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் பிள்ளைக்கு உள்ளங்கை வியர்க்கிறது. பந்து அந்தப் பக்கம் வந்தால் கால் தானாகப் பின்வாங்குகிறது.

இந்த இரண்டு காலத்திலும் வீட்டார் சொல்வது பெரும்பாலும் தப்பாகவே போய் விழுகிறது. மூன்றாம் மாதம் 'நல்லாத்தானே நடக்குறே, ஏன் இன்னும் பிசியோவுக்குக் காசு?' என்கிறோம். பத்தாம் மாதம் 'டாக்டரே சரின்னுட்டார், இன்னும் என்ன பயம்?' என்கிறோம். இரண்டையும் இடம் மாற்றிச் சொன்னால் ஏறக்குறைய சரியாக இருக்கும்!

முதல் வாரங்கள்

காயம்பட்டவர் மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகளைக் கடப்பார் என்று பல இடங்களில் எழுதியிருப்பதைப் படித்திருப்பீர்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் எழுதிய நூலிலிருந்து வந்தது அது. அவர் பேசியது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம். அதை எடுத்து விளையாட்டுக் காயத்துக்கும் பொருத்திவிட்டார்கள். எல்லோரும் இந்த வரிசையில்தான் போவார்கள் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஒருவர் முதல் நாளே ஏற்றுக்கொண்டு ஐந்தாம் மாதம் உடைந்துபோவார். இன்னொருவர் காலையில் கோபமாகவும் மாலையில் சாதாரணமாகவும் இருப்பார். ஒருவர் அந்தக் காயத்தை எப்படிப் புரிந்துகொள்கிறார், அவரைச் சுற்றி யார் இருக்கிறார்கள், அவருக்கு அந்த விளையாட்டு என்னவாக இருந்தது என்பவற்றைப் பொறுத்தே மனநிலை அமையும் என்பது உளவியலாளர்கள் இப்போது பெரும்பாலும் ஒப்புக்கொள்ளும் கருத்து.

கடைசியாகச் சொன்னது முக்கியம். பிரிட்டன் புரூவர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1993-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். ஒருவர் தன்னை எந்த அளவுக்கு 'விளையாட்டுக்காரன்' என்ற ஒன்றாக மட்டும் பார்க்கிறார் என்று அது அளக்கிறது. அந்த ஒன்றிலேயே முழுதாக நிற்பவர்களைக் காயம் அதிகம் வருத்துகிறது. நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். படிப்பில் சுமார், வீட்டில் வசதி குறைவு. ஆனால் ஊர் அணியில் பத்தாம் நம்பர் சட்டை அவருடையது. கடைத்தெருவில் பெரியவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அந்தக் காலுக்காகத்தான். கல்லூரி இடமும், பின்னால் ஒரு ரயில்வே வேலையோ போலீஸ் வேலையோ விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் அதில்தான் இருக்கிறது. முழங்கால் அறுந்த அன்று இத்தனையும் சேர்ந்து அறுகிறது. அவரிடம் போய் 'உயிருக்கு ஒண்ணுமில்லையே, அதுவே போதும், ஸபூர் செய்' என்று சொல்கிறோம். பொறுமையைச் சொல்வதில் தவறில்லை. அதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனால், 'இதைப் பற்றி இனிப் பேசாதே' என்றுதான் அவர் காதில் விழும். முதலில் கொஞ்ச நேரம் அவரைப் பேசவிடுவது நல்லது.

பள்ளிவாசலில் நாங்கள் கவனித்த இன்னொரு விஷயம். கால் மடக்க முடியாத பிள்ளை, கடைசி ஸஃப்பில் எழுபது வயதுப் பெரியவர்களோடு நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறார். ஸலாம் கொடுத்ததும் ஒவ்வொருவராக வந்து கேட்கிறோம்: 'என்ன தம்பி ஆச்சு? இன்னும் சரியாகலையா? அந்த டாக்டர்கிட்ட ஏன் போனே, கட்டுக் கட்டியிருந்தாலே போயிருக்குமே?' அக்கறையில் கேட்பதுதான். நாளைக்குப் பத்துப் பேரிடம் இதையே சொல்ல வேண்டியிருந்தால் அந்தப் பிள்ளை ஜும்ஆவுக்கு மட்டும் வருவார், பிறகு அதற்கும் தயங்குவார். விசாரிப்பதற்குப் பதிலாகப் பக்கத்தில் உட்கார்ந்து நேற்றைய மேட்சைப் பற்றிப் பேசலாம்.

இந்தக் காலத்தில் வீட்டார் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ளும் ஒன்றுக்கு வேறு காரணம் உண்டு. முழங்காலில் காயம்பட்டு வீங்கினால், தொடையின் முன்பக்கத் தசைக்குப் போகும் கட்டளையை நரம்பு மண்டலமே குறைத்துவிடுகிறது. 'தசையை இறுக்கு' என்று பிசியோ சொல்கிறார், பிள்ளையும் முழு மனதோடு முயல்கிறார், தசை அசையமாட்டேன் என்கிறது. தொடை சில வாரங்களிலேயே இளைத்துவிடும். இது மனபலக் குறைவு இல்லை, உடம்பின் தற்காப்பு. வீக்கத்தைக் குறைத்து, திரும்பத் திரும்பச் செய்யச் செய்யத்தான் அந்தக் கட்டளை திரும்பி வருகிறது. இது தெரியாமல் 'ஒழுங்கா செய்யமாட்டேங்கிறான்' என்று பிள்ளையின் எதிரிலேயே பிசியோவிடம் புகார் சொல்லும் தகப்பனார்கள் இருக்கிறார்கள்.

அவசரம்

நடுமாதங்களின் ஆபத்து அவசரம்தான். மே மாத டோர்னமென்ட் வருகிறது, அணியில் ஆள் குறைகிறது, 'ஒரு பாதி மட்டும் ஆடு' என்று கேப்டன் கேட்கிறார். ஒரு வலிநிவாரணி ஊசியைப் போட்டுக்கொண்டு இறங்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள்.

நார்வே ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட முடிவு ஒன்றை எல்லாக் கேப்டன்களுக்கும் சொல்லவேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்பது மாதம் வரை, களத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி முழங்கால் காயப்படும் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதே 2016-இல் வேறு ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 25 வயதுக்கு உட்பட்டு விளையாட்டுக்குத் திரும்பியவர்களில் நூற்றுக்கு 23 பேருக்கு அதே காலிலோ மறு காலிலோ மீண்டும் ஏ.சி.எல். அறுந்திருந்தது. நாலு பேரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது ஆபரேஷனுக்கு மனு எழுதும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கின் பாரம் தெரியும்.

அவசரப்படுத்துவது ஊர் அணிகளில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் டெரிக் ரோஸ் 2011-இல், 22 வயதில், அந்த லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றவர். 2012 ஏப்ரல் 28 அன்று இடது முழங்காலில் ஏ.சி.எல். அறுந்தது. அடுத்த வசந்த காலத்தில் மருத்துவர்கள் அவர் ஆடலாம் என்று சொல்லிவிட்டதாகச் செய்தி வந்தது. அவர் ஆடவில்லை. அந்தப் பருவம் முழுவதும் உட்கார்ந்திருந்தார். கோழை, சம்பளத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறார் என்று பத்திரிகைகளும் ரசிகர்களும் ஏசினார்கள். பிறகு களத்துக்கு வந்து சில வாரங்களில், 2013 நவம்பரில், மறு முழங்காலில் மெனிஸ்கஸ் கிழிந்தது. அவர் காத்திருந்தது சரியா தவறா என்று நம்மால் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் 'மருத்துவர் சரி சொல்லிவிட்டார்' என்பதும் 'நான் தயார்' என்பதும் இரண்டு வேறு விஷயம் என்பதை உலகமே பார்க்க எடுத்துக்காட்டிய சம்பவம் அது. தயார் இல்லை என்று வாய்விட்டுச் சொல்வதற்கு ஆடுவதைவிட அதிகத் துணிச்சல் வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

பயம் என்ன செய்கிறது

2014-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு ஏ.சி.எல். ஆபரேஷன் செய்துகொண்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைத் திரட்டியது. ஏதாவது ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் நூற்றுக்கு 81 பேர். காயத்துக்கு முன்பிருந்த தரத்துக்குத் திரும்பியவர்கள் 65 பேர். போட்டி விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 55 பேர்தான். முழங்காலின் வலுவைச் சோதித்தால் இவர்களில் பெரும்பாலோருக்கு நன்றாகவே இருக்கிறது. பிறகு ஏன் திரும்பவில்லை என்று கேட்ட ஆய்வுகளில் மறுபடி மறுபடி வரும் பதில்: 'மறுபடி போய்விடுமோ என்ற பயம்.'

இந்தப் பயத்தை அளப்பதற்கே வினாத்தாள்கள் உண்டு. 1991-இல் உருவான டாம்பா அளவுகோலில் 17 கேள்விகள். அசைந்தால் வலிக்கும், மறுபடி காயமாகும் என்ற அச்சத்தை அது அளக்கிறது. 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஏ.சி.எல். நோயாளிகளுக்கென்றே 12 கேள்விகள் கொண்ட ஒன்றைத் தயாரித்தார்கள். மனதின் பதற்றம், தன் முழங்காலின் மேல் உள்ள நம்பிக்கை, ஆபத்தை அவர் எடைபோடும் விதம் ஆகிய மூன்றையும் அது கேட்கிறது. ஐந்து நிமிட வேலை. முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளந்து எழுதும் பிசியோ, இதையும் கேட்டு எழுதினால் நல்லது. கேட்காவிட்டால் பிள்ளைகள் தாங்களாகச் சொல்வதில்லை. ஆம்பளைப் பிள்ளை பயப்படலாமா என்று வளர்த்துவிட்டோம் அல்லவா!

பயம் பிள்ளையை வீட்டில் உட்காரவைப்பதோடு நிற்பதில்லை. பயத்தோடு களத்தில் இறங்கினால் தசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. முழங்காலை மடக்கி மெத்தென்று இறங்கவேண்டிய இடத்தில் விறைப்பாக இறங்குகிறார். கவனம் பாதி பந்தின் மேலும் பாதி தன் முழங்காலின் மேலும் போகிறது. எந்தக் காயத்துக்குப் பயந்தாரோ அதற்கே வழி திறக்கிறது. பயம் அதிகமாக இருந்தவர்களுக்கு இரண்டாவது காயம் வரும் வாய்ப்பும் அதிகமாக இருந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆக, 'பயத்தை விட்டுட்டு இறங்கு' என்று தள்ளிவிடுவதும் ஆபத்து.

அதே நேரம், எல்லாத் தயக்கத்தையும் வெறும் பயம் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. பயிற்சி செய்த மறுநாள் காலை முழங்கால் வீங்கியிருந்தால், நடக்கும்போது கால் திடீரென்று விட்டுக்கொடுத்தால், மடக்கிய கால் சிக்கிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால், அது முழங்கால் பேசுவது. உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். இவை எதுவும் இல்லாமல் நெஞ்சு படபடப்பும், வியர்வையும், பழைய காட்சி கண்முன் ஓடுவதும் மட்டும் இருந்தால், அது மனம் பேசுவது. அதற்கு வேறு வைத்தியம்.

அந்த வைத்தியத்தில் புதுமை ஒன்றும் இல்லை. பயப்படும் காரியத்தைச் சிறு சிறு படிகளாக உடைத்து, ஒவ்வொன்றிலும் மனம் அடங்கும் வரை நின்று, பிறகு அடுத்ததற்குப் போவது. இரண்டு காலில் குதித்து இறங்குவது. ஒரு காலில் இறங்குவது. பாதி வேகத்தில் ஓடித் திரும்புவது, முழு வேகத்தில் திரும்புவது. பிறகு பந்தோடு. பிறகு மோதமாட்டேன் என்று சொல்லிவிட்டு எதிரே நிற்கும் ஒரு நண்பரோடு. பிறகு மோதலாம் என்று சொல்லி. கடைசியில், காயம்பட்ட அந்தக் குறிப்பிட்ட அசைவையே, அதே பக்கத்தில், வேண்டுமென்றே பல தடவை செய்து பார்ப்பது. இதை பிசியோவின் மேற்பார்வையில்தான் செய்யவேண்டும். பல பிள்ளைகள் மற்ற எல்லாவற்றையும் செய்துவிட்டு அந்த ஒரு திருப்பத்தை மட்டும் தவிர்த்துக்கொண்டே இருப்பார்கள். பயம் குடியிருப்பது அங்கேதான்.

மனக்காட்சிப் பயிற்சி என்று இன்னொன்று. அமைதியாகப் படுத்து, மூச்சைச் சீராக்கி, முழங்கால் ஆறுவதையும், தான் மறுபடி ஓடுவதையும் திரும்புவதையும் மனக்கண்ணில் நிதானமாகப் பார்ப்பது. கேட்பதற்கு வெறும் கற்பனை போலத் தோன்றும். 2001-இல் அமெரிக்காவில் ஏ.சி.எல். ஆபரேஷன் செய்துகொண்ட 30 பேரிடம் இதைச் சோதித்தார்கள். தளர்வுப் பயிற்சியும் மனக்காட்சியும் பத்து அமர்வுகள் செய்தவர்களுக்கு, 24 வாரத்தில், மற்றவர்களைவிட முழங்கால் வலு கூடுதலாகவும், வலியும் மறுகாயப் பயமும் குறைவாகவும் இருந்தன. சிறிய ஆய்வுதான். செலவில்லாத காரியம் என்பதால் செய்துபார்ப்பதில் நட்டமில்லை.

மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டை எல்லோருக்கும் தெரியும். 2016 ரியோ ஒலிம்பிக் காலிறுதியில் சீனாவின் சுன் யானானோடு மோதும்போது முழங்காலில் அடிபட்டு, ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் செல்லப்பட்டார். இரண்டு வருடம் கழித்து 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவருக்கு முதல் சுற்றிலேயே அமைந்த எதிராளி அதே சுன் யானான். வினேஷ் அவரை வென்று, அன்றே தங்கமும் வென்றார். ஆசிய விளையாட்டில் மல்யுத்தத் தங்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். அந்தப் பிடிக்குள் மறுபடி நுழைவதற்கு முன் எத்தனை நூறு தடவை பயிற்சிக் கூடத்தில் அதே பிடிக்குள் போய் வந்திருக்கவேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெண் பிள்ளைகள்

கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் ஏ.சி.எல். காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் வருகிறது. ஆனால் எங்களுக்கு வரும் மனுக்களில் பெண் பிள்ளைகளுடையவை அபூர்வம். காயம் வராததால் இல்லை. கல்லூரியில் கைப்பந்தோ கூடைப்பந்தோ ஆடிக்கொண்டிருந்த பெண் விழுந்தால், நடக்க முடிந்ததும் வீட்டில் சொல்லிவிடுகிறார்கள்: 'ஆடினது போதும்மா.' உம்மாவின் கவலை நியாயமானதுதான், நாளைக்கு நிக்காஹ் பேச வருகிறவர்கள் கால் எப்படி என்று கேட்பார்களே என்று. ஆனால் சிகிச்சை பாதியில் நின்ற முழங்கால், ஆடாவிட்டாலும் பின்னால் தொல்லை கொடுக்கும். மாடிப்படி இறங்கும்போதும், குழந்தையைத் தூக்கித் திரும்பும்போதும் அது விட்டுக்கொடுக்கும். மறுபடி ஆடுவதா வேண்டாமா என்பதை அந்தப் பெண் முழுதாகக் குணமான பிறகு யோசித்துச் சொல்லட்டும். படுக்கையில் இருக்கும்போது அவளுக்காக மற்றவர்கள் முடிவு செய்துவிடுவது, காயத்தோடு இன்னொரு காயம்.

முடிவை மாற்றிக்கொள்வதும் தோல்வி ஆகாது. சானியா மிர்ஸாவுக்கு 2008-இல் மணிக்கட்டில் ஆபரேஷன் நடந்தது; அந்த வருட பெய்ஜிங் ஒலிம்பிக்கில் முதல் சுற்று ஆட்டத்திலேயே மணிக்கட்டு வலியால் விலக நேர்ந்தது. தொடர்ந்த காயங்களால் 2013-இல் ஒற்றையர் ஆட்டத்தை விட்டுவிட்டு இரட்டையரில் மட்டும் நின்றார். 2015 ஏப்ரலில் இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடம் அவருடையது.

பணத்தை எங்கே வைப்பது

பிசியோதெரபிக்குத் தனியாரிடம் ஒவ்வொரு தடவையும் கட்டணம். வாரம் மூன்று தடவை என்றால் மாதக் கடைசியில் வீட்டில் முணுமுணுப்பு வரும். அதனால் பலர் ஆறாவது வாரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆபரேஷனுக்கு லட்சத்தைத் திரட்டிவிட்டுப் பயிற்சிக்கு ஆயிரங்களை மிச்சப்படுத்துவது, வீட்டைக் கட்டிவிட்டுக் கதவு வைக்காமல் விடுவது போல. உதவி செய்கிறவர்கள் முழுத் தொகையையும் ஆபரேஷனுக்குக் கொடுத்துவிடாமல், ஒரு பங்கை ஒன்பது மாதப் பிசியோவுக்கென்று ஒதுக்கி மாதாமாதம் கொடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. ஒரு நாள் நேரில் போய் விசாரித்துக்கொள்ளலாம். வீட்டில் செய்யவேண்டிய பயிற்சிகளுக்குக் காசு தேவையில்லை, கூட உட்கார ஓர் ஆள்தான் தேவை. தம்பியோ தங்கையோ எண்ணிக்கை சொல்லட்டும். காலண்டரில் குறித்துவைக்கட்டும். 'மறுபடி ஆடவேண்டும்' என்ற தூரத்து இலக்கைவிட, 'இந்த வாரம் கைப்பிடியைப் பிடிக்காமல் மாடி ஏறவேண்டும்' என்பது போன்ற இலக்கு பிள்ளையைத் தினமும் எழுப்பிவிடும்.

அணிகளுக்கும் ஒரு வேண்டுகோள். காயம்பட்டவரை வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுக்காதீர்கள். பயிற்சிக்கு வரச்சொல்லுங்கள். ஸ்கோர் எழுதுவதோ, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதோ ஒரு வேலையை அவர் கையில் கொடுங்கள்.

சிலருக்கு இதெல்லாம் போதாது. தூக்கமும் சாப்பாடும் கெட்டு, யாரோடும் பேசாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், அல்லது 'இனி நான் இருந்து என்ன' என்பது போன்ற பேச்சு ஒரே ஒரு தடவை வந்தால்கூட, அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

கடைசியாக, ஆபரேஷனுக்கு முன் மருத்துவரிடம் கேட்கவேண்டிய ஒன்று. முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள நாணை எடுத்துப் பொருத்தியவர்களில் பலருக்கு, பிற்பாடு மண்டியிடும்போது முன்பக்கம் வலி இருப்பது தெரிந்த விஷயம். பின்தொடை நாணை எடுத்தவர்களுக்கு அது குறைவு. ஒவ்வொன்றிலும் வேறு நன்மை தீமைகள் உண்டு, முடிவு மருத்துவருடையது. ஆனால் இந்தப் பிள்ளை தினமும் ஐந்து வேளை ஸஜ்தாவில் மண்டியிடுகிறவர், இருப்பில் காலை முழுதாக மடக்கி உட்காருகிறவர் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். கேட்டால்தான் சொல்வோம் என்று இருக்கவேண்டாம். எத்தனையாவது மாதத்தில் தரையில் மண்டியிட முயலலாம், அதுவரை எப்படி உட்காரலாம் என்பதையும் அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதி தெரிந்தால் கடைசி ஸஃப்பின் நாற்காலி அவ்வளவு பாரமாக இருக்காது.